கன்ட்ரோல் எலியிலும் கட்டி கரைந்தபோது

புற்றுநோய் இம்யூனோதெரபியில், அதாவது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிட்டுக் கட்டியைத் தாக்க வைக்கிற சிகிச்சையில், பிஎச்டி சேர்ந்து, எலியில் கட்டி வளர்த்து மருந்து சோதிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மரபணு மாற்றிய கட்டி செல்லை வெளியிலிருந்து வாங்கி, அதை நம்பி வேலையை ஆரம்பித்தேன். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிப்போனது. "மருந்தை அப்புறம் பாத்துக்கலாம்மா, அந்த செல்லு உன் எலிக்குள்ள ஒழுங்கா வளருதான்னு முதல்ல பாரு" என்று அன்றைக்கு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்தக் காலமும் பணமும் மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

வீடு தண்டையார்பேட்டை. அப்பா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் ஆய்வகம் என்று ஒன்றுக்குள் போன முதல் ஆள் நான்தான். நான் வேலை பார்த்த இடம் மூலக்கடை பக்கம். பிடி-1 என்கிற பிரேக்கை அடைக்கும் ஆன்டிபாடியோடு எங்கள் குழு உருவாக்கிய ஒரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்பதுதான் என் கேள்வி. டி செல்கள் என்பவை எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்கள். அவற்றுக்கு இயல்பாகவே சில பிரேக்குகள் உண்டு. அதை விடுவித்தால் அவையே கட்டியைத் தாக்கும் என்று சிடிஎல்ஏ-4 என்கிற இன்னொரு பிரேக் விஷயத்தில் ஜேம்ஸ் ஆலிசன் குழு எலியில் காட்டியது 1996-ல். பிடி-1-ஐக் கண்டுபிடித்த தசுகு ஹோஞ்சோவுக்கும் ஆலிசனுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. இந்த வகை மருந்தைச் சோதிக்க, எதிர்ப்புச் சக்தி முழுசாக இருக்கிற எலி வேண்டும். அப்படிப்பட்ட எலிக்குள் மனிதக் கட்டியை வைத்தால் எலி அதைத் துரத்திவிடும். ஆகவே எலியின் சொந்த இனத்திலிருந்தே வந்த கட்டி செல்தான் சரி. பால்ப்-சி என்கிற வெள்ளை எலிக்கு சிடி26 என்ற குடல் புற்று செல். அது 1975-ல் ஒரு ரசாயனத்தால் உண்டாக்கப்பட்டது. சி57 பிளாக்-6 என்கிற கறுப்பு எலிக்கு எம்சி38, பி16 மெலனோமா. உலகம் முழுக்க இந்தத் துறை ஓடுவது இந்த மாதிரி சில செல்களின் மேல்தான்.

இப்போதெல்லாம் இந்த செல்களை அப்படியே விற்பதோடு, மரபணு மாற்றியும் விற்கிறார்கள். உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று கேமராவில் பார்க்க மின்மினிப்பூச்சியை ஒளிர வைக்கிற லூசிஃபெரேஸ் மரபணுவைச் சேர்க்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பச்சையாகத் தெரிய ஜிஎஃப்பி. அது ஜெல்லிமீனிலிருந்து வந்தது, காசிமேட்டு வலையில் சிக்கினால் சொறி என்று தூக்கிப் போடுவார்களே, அந்த மாதிரிப் பிராணி. டி செல் அடையாளம் காணட்டும் என்று கோழிமுட்டைப் புரதமான ஓவல்புமினை வைக்கிறார்கள். மனித மருந்தைச் சோதிக்க பிடி-1 பிரேக்கை அழுத்துகிற பிடி-எல்1 என்கிற புரதத்தில் எலியினுடையதை எடுத்துவிட்டு மனித பிடி-எல்1-ஐ வைக்கிறார்கள். நான் கேட்டது லூசிஃபெரேஸும் ஜிஎஃப்பியும் சேர்ந்த சிடி26. கல்லீரலில் பரவுகிற கட்டியைக் கொல்லாமலே பார்க்க வேண்டியிருந்தது, வெள்ளை எலியின் ரோமம் வெளிச்சத்தை அவ்வளவாக மறைக்காது. காரணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வாங்கின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரபணு மாற்றிய செல் என்பதால் 1989 விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவில் விண்ணப்பம் போட்டாக வேண்டும். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் ஆர்டர் போடாதீர்கள். செல் விலை, கூரியர், சுங்கம், பார்சல் மீனம்பாக்கத்தில் நின்ற நாட்களுக்கு உலர் பனிக்கட்டி நிரப்பின செலவு எல்லாம் சேர்த்து 2 லட்சத்தைத் தாண்டியது. உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரி; அது சும்மா வைத்தாலே ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை சென்னை வந்து சேரும்படி அனுப்பச் சொன்னால் சனி ஞாயிறு அங்கேயே கிடக்கும். திங்கள் செவ்வாயில் இறங்கும்படி கேளுங்கள். பெட்டி வந்ததும் எவ்வளவு பனி மிச்சம் இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாடி செல் முளைக்கவில்லை என்றால் அந்தப் படம்தான் பேசும்.

செல் வந்ததும் எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருத்தர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். வெளியிலிருந்து வந்த எந்த செல்லையும் மற்ற செல்கள் இருக்கிற இன்குபேட்டரில் வைக்கக் கூடாது. தனியாக வைத்து, மைக்கோபிளாஸ்மா பிசிஆர் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே. இந்த மைக்கோபிளாஸ்மா சாதாரண பாக்டீரியா மாதிரி மீடியாவைக் கலங்கடிக்காது. அதற்கு செல் சுவர் கிடையாது, பெனிசிலின் ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் செல்லோடு குடித்தனம் நடத்தும். அது ஒட்டின செல்லை எலிக்குள் போட்டால் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்தே கிளம்பிவிடும், நம் மருந்தின் விளைவு என்ன, கிருமியின் விளைவு என்ன என்று பிரிக்கவே முடியாது. எங்கள் செல் சுத்தமாக இருந்தது. சீக்கிரமே நிறைய குழாய்களில் உறைய வைத்து திரவ நைட்ரஜனில் போட்டோம். மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து முதன்முதலாக அந்த செல்களைப் பச்சை வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. கீழே பிளாஸ்க் முழுக்க அவ்வளவு பச்சை. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "அழகா கீதுடி, ஆனா புத்துநோய்னு சொல்ற" என்றார்.

எலிக்கு 5 லட்சம் செல், 100 மைக்ரோலிட்டரில், விலாப்பக்கம் தோலுக்கடியில். ஒரு வாரத்தில் விரலால் தொட்டால் அரிசி மாதிரி உருளும். அப்புறம் பட்டாணி. கேலிப்பரை வைத்து நீளமும் அகலமும் எடுத்து, நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் அகலம் வகுத்தல் 2 என்று கன அளவு போடுவோம். எல்லாக் கட்டியும் ஓரளவு வந்ததும் குழு பிரித்து மருந்து ஆரம்பித்தேன். மருந்து கொடுத்த எலிகளில் கட்டி சுருங்கியது. என் வழிகாட்டி சார் சந்தோஷப்பட்டார், வாராந்திரக் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்தடுத்த அளவுகளில் கன்ட்ரோல் குழுவிலும் சுருங்க ஆரம்பித்தது. மருந்தே போகாத எலி. சில எலிகளில் கட்டி சுத்தமாக மறைந்தே போனது. மிச்சம் சிலவற்றில் கட்டி கைக்கு நன்றாகத் தட்டுப்படும், கேமராவில் போட்டால் இருட்டு. லூசிஃபெரேஸை ஒளிர வைக்கிற லூசிஃபெரின் ஊசி போட்டு, மயக்கத்தில் படுக்க வைத்துப் பார்க்கிறேன், விலாவில் சுண்டைக்காய் அளவு கட்டி இருக்கிறது, திரையில் அந்த இடம் வெறும் கறுப்பு.

அதற்கு அப்புறம் வந்த மாதங்கள்தான் ரொம்ப மோசம். "உனக்குக் கை சரியில்லம்மா, செல்லு வெளிய வழியுது" என்றார் ஒருத்தர். செல் ஊசி போடும்போதே செத்துப் போகிறது என்றார் இன்னொருத்தர். நான் எண்ணிப் பார்த்து, உயிரோடு இருக்கிற சதவீதம் எழுதி, அதைக் காட்டியும் யாரும் சமாதானம் ஆகவில்லை. மறுபடி போட்டேன், அதே கதை. பேருந்தில் வீட்டுக்கு வரும்போது வியாசர்பாடி பாலம் ஏறுவதற்குள் அழுது முடித்துவிடுவேன், வீட்டில் போய் அழக்கூடாது என்று. இந்தத் துறைக்கு நான் லாயக்கில்லையோ என்று உண்மையாகவே நினைத்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது அதே நிலைமை என்றால் ஒன்று சொல்கிறேன்: அந்த நாட்களில் எழுதி வைத்த ஒவ்வொரு எண்ணிக்கையும், எந்தக் குழாய், எத்தனையாவது பாசேஜ் (செல்லைப் புது பிளாஸ்க்குக்கு எத்தனையாவது முறை மாற்றினோம்), எந்த எலி என்கிற குறிப்பும்தான் பின்னாடி என்னைக் காப்பாற்றியது. மனசு உடைந்திருந்தாலும் நோட்டை மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வடசென்னையில் அந்த வாரம் எப்படி இருந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் கரண்ட் போனது, ஆய்வகத்தில் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. இன்குபேட்டரில் இருந்த செல் எல்லாம் செத்தது. எலிகள் மாடியில் இருந்ததால் பிழைத்தன; அவற்றைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தண்ணீர் வடியும்வரை வீட்டுக்கே போகவில்லை. எனக்குக் கவலை எல்லாம் ஃபிரிட்ஜில் இருக்கிற ஆன்டிபாடி மேல். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. வாங்கிப் பாதிகூடத் தீரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "ஐஸ் தானே, நான் கொண்டாறேன்" என்று மீன் பெட்டியில் நொறுக்கின ஐஸ் நிரப்பி, மோட்டார் வைத்த மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முழங்கால் தண்ணீரில் கடைசித் தெருவை ரெண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். குழாய்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சுற்றிலும் துண்டு வைத்து, ஐஸ் நேராகப் படாமல் நடுவில் வைத்தோம். ஒரு தெர்மாமீட்டரும் போட்டேன். கரண்ட் வரும்வரை அது 3, 4 டிகிரியிலேயே நின்றது. லூசிஃபெரினைக் காப்பாற்ற முடியவில்லை, அதற்கு மைனஸ் 20 வேண்டும். திரவ நைட்ரஜன் டேங்குக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால் உறைந்த செல்கள் பத்திரமாக இருந்தன. மழைக்காலத்துக்கு முன்னால் அந்த டேங்கில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று பார்த்து நிரப்பி வையுங்கள். நம் ஊரில் நவம்பர், டிசம்பரில் முக்கியமான எலிச் சோதனையையே வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்குக் கண் திறந்தது. டேங்கிலிருந்து செல் எடுக்கும்போது, வேறொரு ஆய்வகம் முன்பு கொடுத்திருந்த, எதுவும் சேர்க்காத மூல சிடி26 குழாயும் இருந்தது. ரெண்டையும் ஒரே நாளில் எடுத்து, ஒரே மீடியாவில் வளர்த்து, ஒரே நாளில், அதே கையால், அனுமதியில் மிச்சம் இருந்த எலிகளில் போட்டேன். மருந்தே கொடுக்கவில்லை. மூல செல் போட்ட எலிகள் எல்லாவற்றிலும் கட்டி நின்று வளர்ந்தது. மாற்றிய செல் போட்டவற்றில் பழைய கதைதான், வந்தது, நின்றது, கரைந்தது. கையில் குறை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்தது.

காரணம் என்ன என்று யோசித்தால் பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். செல்லுக்குள் உண்டாகிற எந்தப் புரதத்தையும் செல் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எட்டு பத்து அமினோ அமிலத் துண்டுகளாக, எம்எச்சி-1 என்கிற தட்டில் வைத்து வெளியே காட்டும். சிடி8 டி செல்கள் அந்தத் துண்டுகளைப் பார்த்துதான் இவன் நம்மாளா வெளியாளா என்று முடிவு செய்யும். ஜிஎஃப்பியும் லூசிஃபெரேஸும் செல்லுக்குள்ளேயே இருந்தாலும், அவற்றின் துண்டு வெளியே வந்துவிடும். எலி பிறந்ததிலிருந்து பார்க்காத மின்மினிப்பூச்சிப் புரதம், ஜெல்லிமீன் புரதம். எதிர்ப்புச் சக்தி சும்மா இருக்குமா? பால்ப்-சி எலியில் இவை ரெண்டுக்குமே டி செல்கள் நன்றாகக் கிளம்பும் என்பது பல வருடமாகவே தெரிந்த விஷயம். கட்டியைப் பார்ப்பதற்காக நாம் வைத்த விளக்கே கட்டியைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இருட்டாக நின்ற கட்டிகளுக்கும் இதுதான் விளக்கம். பச்சை செல்களை எல்லாம் டி செல்கள் கொன்றுவிட்டன, தற்செயலாக அந்த மரபணுவை அணைத்துக்கொண்ட செல்கள் மட்டும் தப்பிப் பெருகின. ராபர்ட் ஷ்ரைபர் குழு இம்யூனோஎடிட்டிங் என்று பெயர் வைத்தது இந்த மாதிரி வடிகட்டலுக்குத்தான். அப்படிப்பட்ட ஒரு கட்டியை எடுத்து, செல்களைப் பிரித்து, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்த்து எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஓட்டினேன். பச்சை கிட்டத்தட்ட இல்லை.

ஆனாலும் எதிர்ப்புச் சக்திதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இன்னொரு சோதனை வேண்டும். மரபணு தானாகவே அணைந்திருக்கலாமே. அதே செல்லை டி செல் இல்லாத நியூடு எலியில் போட்டால் தெரிந்துவிடும். நியூடு எலி ஒன்றின் விலையில் சாதா பால்ப்-சி எத்தனையோ வாங்கலாம், தனிக் கூண்டும் வேண்டும். சாரிடம் கேட்கவே தயக்கமாக இருந்தது. குறிப்பு நோட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன், ஒரு வார்த்தை மறுக்காமல் கையெழுத்துப் போட்டார். நியூடு எலியில் எல்லாக் கட்டியும் வளர்ந்தது, கேமராவில் எல்லாம் பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பிறகு செல் விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் கொடுத்த தாளில் அழகான வளர்ச்சிக் கோடு ஒன்று இருந்தது, எந்த எலியில் எடுத்தது என்று மட்டும் போடவில்லை. இப்போது கேட்டதற்கு வந்த பதில், அது நியூடு எலியில் எடுத்தது என்று. இம்யூனோதெரபிக்கு என்று சொல்லி விற்கிற செல்லுக்கு, டி செல்லே இல்லாத எலியின் படம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இதற்குள் என் ஃபெல்லோஷிப் காலம் முடிந்துவிட்டது. மாதம் 42,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது நின்றது. சாயங்காலம் தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்து ஓட்டினேன். ஆய்வகத்துக்கு செல், எலி, கேமரா நேரம், லூசிஃபெரின், ஆன்டிபாடி என்று போனது இன்னும் பெரிய தொகை. எலிகளை நினைத்தால்தான் மனசு ரொம்ப கனக்கிறது. பயனில்லாத சோதனையில் உயிர் போன எலிகள் அவை.

இப்போது யாராவது மரபணு மாற்றிய செல் வாங்கப் போகிறேன் என்று வந்தால் நான் சொல்வது இவை. ஆர்டர் போடும் முன் விற்கிறவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எதிர்ப்புச் சக்தி உள்ள எலியில் வளர்த்துப் பார்த்தீர்களா, எந்த இனம், எந்த உள் இனம், ஆணா பெண்ணா, எத்தனை எலியில் கட்டி வந்தது, எத்தனையில் தானாகக் கரைந்தது. ஆண் எலியிலிருந்து வந்த செல்லைப் பெண் எலிக்குப் போட்டால் ஆண் புரதத்தையே அது எதிர்க்கலாம் என்பதால் பாலினம் முக்கியம். மாற்றிய செல்லோடு அதன் மூல செல்லையும், காலி வெக்டர் (புது மரபணு இல்லாமல், அதைச் சுமக்கிற டிஎன்ஏ மட்டும்) போட்ட செல்லையும், கிட்டத்தட்ட அதே பாசேஜில் கேளுங்கள். மாற்றிய செல்லை மட்டும் பிரித்தெடுக்கப் போடுகிற பியூரோமைசின், ஜி418 போன்ற மருந்தைத் தாங்க வைக்கிற மரபணுவும் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான், அதுவும் எலிக்கு அந்நியம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிரிஸ்பர் என்கிற மரபணு வெட்டும் முறையில் ஒரு மரபணுவை எடுத்த செல் என்றால், அதில் வெட்டுகிற கத்தியான காஸ்9 இன்னும் உள்ளே நிரந்தரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். காஸ்9 ஒரு பாக்டீரியாப் புரதம், அது இருக்கிற கட்டியையும் எலி கரைத்துவிடலாம். வேலை முடிந்ததும் காணாமல் போகிற மாதிரி, புரதமாக நேரடியாகக் கொடுத்து வெட்டின செல்தான் நல்லது. பிடி-எல்1 எடுத்த செல் என்றால் பிடி-எல்1-ஐத் தூண்டுகிற இன்டர்ஃபெரான் காமா போட்ட பிறகும் அது வரவில்லையா என்று பாருங்கள். சும்மா வைத்திருக்கும்போது மூல செல்லிலேயே அது குறைவாகத்தான் இருக்கும். மனித பிடி-எல்1 வைத்த செல்லுக்கு அதே மனித மரபணு வைத்த எலிதான் ஜோடி, சாதா எலியில் போட்டால் என் கதைதான். ஒரே செல்லிலிருந்து பெருக்கின குளோன் என்றால் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், ரெண்டு மூன்று குளோனில் ஒரே பதில் வர வேண்டும்.

எலி நெறிமுறைக் குழுவுக்குப் போகிற ஃபார்ம் பி-யில் முதலிலேயே ஒரு சிறு முன்னோட்டக் குழுவைக் கேட்டுவிடுங்கள். மூல செல் கொஞ்சம் எலிக்கு, மாற்றிய செல் கொஞ்சம் எலிக்கு, மருந்து இல்லாமல், வளர்ச்சி மட்டும் பார்க்க. பின்னாடி கேட்டால் திருத்தம், அடுத்த கூட்டம் என்று மாதக்கணக்கில் போகும். காரணத்தை எழுதும்போது, பெரிய குழு வீணாகாமல் இருக்கத்தான் இந்தச் சின்னக் குழு என்று எழுதினால் குழுவினருக்கும் அது பிடிக்கும், மொத்தத்தில் எலியும் குறையும். கேமராவில் பார்த்தே ஆக வேண்டிய வேலை என்றால், லூசிஃபெரேஸும் ஜிஎஃப்பியும் பிட்யூட்டரியில் பிறவியிலேயே இருக்கும்படி செய்த எலி இருக்கிறது, ஒளிரும் தலை என்று அதற்குப் பெயர். அந்தப் புரதங்களைச் சொந்தம் என்றே நினைத்து வளர்வதால் அது எதிர்க்காது. எங்கள் மாதிரி ஆய்வகத்துக்கு அது எட்டாத விலை. ஆகவே நாங்கள் கேமராவை விட்டுவிட்டு, மூல சிடி26-ஐ வைத்து கேலிப்பரிலேயே முழுச் சோதனையையும் மறுபடி செய்துகொண்டிருக்கிறோம். கல்லீரல் பரவலை மட்டும் கடைசியில் எலியைத் திறந்து எண்ணுகிறோம்.

இப்போதைய சோதனையில் நான் புதிதாகச் சேர்த்திருக்கிற பழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை எலிக்குள் போடும்போதும் அதே பிளாஸ்க்கிலிருந்து ஒரு குழாயை உறைய வைக்கிறேன். முடிவில் எடுக்கிற கட்டியிலிருந்தும் ஒரு குழாய். ரெண்டிலும் தேதி, பாசேஜ், எலி எண். எங்காவது கோடு விலகினால் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒரே நாளில் ஃப்ளோவில் ஓட்டிப் பார்க்கலாம்.